பழைய பிக்கப் வண்டியின் முறைப்பாடு

நீர்வேலியில் வாழைத் தோட்டஞ் செய்யும் கமக்காரர் ஒருவரிடம் மொறிஸ் மைனர் பிக்கப் வண்டியொன்று உண்டு. தகப்பனார் வாங்கி ஓட்டிய வண்டி. இப்பொழுது மகன் ஓட்டுகின்றார். விடியுமுன் குலைகளை ஏற்றிக்கொண்டு கோப்பாய் வழியே திருநெல்வேலிச் சந்தைக்குப் போவதும், வெறுந் தட்டோடு திரும்பி வருவதும் அதன் நாளாந்த அலுவல். நல்லூர்க் கந்தனுக்குக் கொடியேறப் பத்து நாட்கள் இருக்கையில் அவ்வண்டி சண்டி மாடு போலப் படுக்கத் தொடங்கிற்று. நல்லூர்த் திருவிழா இருபத்தைந்து நாட்கள் நடைபெறுவது. அந்நாட்களில் மரக்கறிச் சமையல் இல்லாத வீடுகள் யாழ்ப்பாணத்திலே குறைவு. வாழைக்காய்க்கும் பழத்துக்கும் இலைக்கும் ஆண்டு முழுவதிலும் இல்லாத கிராக்கி அப்பொழுதுதான் ஏற்படும். குலை முற்றி நிற்கின்றது. வண்டியோ நகர மறுக்கின்றது.

அவர் வண்டியை ஒரு கராஜுக்குக் கொண்டு சென்றார். அங்கிருந்தவர் ஏறி நூறு யார் ஓட்டிப் பார்த்துவிட்டு இறங்கினார். "கியர்ப்பெட்டி போய்விட்டது, வேறொன்று தேடிப் போட வேண்டும்" என்பது அவர் தீர்ப்பு. சொல்லப்பட்ட தொகை, அந்தப் போகத்து வருமானத்தோடு மனைவியின் காப்பையும் சேர்த்தாலன்றி எட்டாதது. பழையதைக் கழித்துவிட்டு வேறு வண்டி வாங்கலாமே என்று கேட்கத் தோன்றலாம். 2020 ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் இந்நாட்டுக்கு மோட்டார் வாகனங்கள் இறக்குமதி செய்வது நிறுத்தப்பட்டது. 2025 இல் அத்தடை நீங்கிய பின்னரும், ஒரு வாழைத் தோட்டக்காரர் புதிய பிக்கப்பைக் கடையின் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்க்கலாமேயன்றி உள்ளே சென்று விலை பேச இயலாது. ஆகவே, ஓடுகின்ற பழைய வண்டியைப் பேணுவது இங்கு பொழுதுபோக்கன்று, பிழைப்பு.

அவ்வாறாயின் அந்தத் தீர்ப்புச் சரியானதா? அதனை அறிவதற்கு எந்தெந்த வழிகள் உள்ளன? நேயர்கள் பலரிடம் மொறிஸ் மைனர் இல்லாதிருக்கலாம். ஆயினும் கியரைக் கையால் மாற்றி ஓட்டும் எந்தப் பழைய வண்டிக்கும் இங்கே கூறப்படுவனவற்றுட் பெரும்பாலானவை பொருந்தும்.

மொறிஸ் மைனர் 1948 ஆம் ஆண்டு இங்கிலாந்தில் வெளிவந்தது. அலெக் இசிகோனிஸ் என்னும் பொறியியலாளர் வகுத்தது. அதன் பிக்கப்பும் வானும் 1953 இல் வந்தன. காருக்குத் தனிச் சட்டகம் இல்லை. பாரம் ஏற்றும் இவ்விரண்டுக்கும் தனிச் சட்டகம் உண்டு. தொடக்கத்தில் இவற்றுக்கு விதிக்கப்பட்ட பாரம் ஐந்து அந்தர், அதாவது கால் தொன். 1962 ஆம் ஆண்டு முதல் 1,098 கன சென்ரிமீற்றர் எஞ்சின் பொருத்தப்பட்டது. உற்பத்தி நின்று அரை நூற்றாண்டு கடந்தும் இலங்கை வீதிகளில் இவ்வண்டிகள் ஓடுகின்றன. இவற்றின் உதிரிப் பாகங்கள் சில இந்நாட்டிலேயே செய்யப்பட்டு, பிறந்த நாடாகிய இங்கிலாந்துக்கே அனுப்பப்பட்டதும் உண்டு. நீர்வேலி வண்டி 1962 க்குப் பிந்தியது. அதில் ஐந்து அந்தர் மட்டும் ஏற்றப்பட்டதா என்பதைப் பின்னர் பார்ப்போம்.

கமக்காரர் உறவினர் ஒருவரின் சொற்கேட்டு, காப்பை அடகு வைக்குமுன், கோப்பாய்ப் பக்கத்திலிருந்த வயோதிப மெக்கானிக் ஒருவரிடம் வண்டியைக் காட்டினார். அவர் தொழில் பழகி முதிர்ந்தது 1990 களில். பொருளாதாரத் தடையினாற் குடாநாட்டில் பெற்றோல் கிடையாதிருந்த காலம் அது. சில துளி பெற்றோலைக் காபரேற்றருக்குள் விட்டு எஞ்சினை எழுப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓட்டினார்கள். மண்ணெண்ணெய் பெற்றோலைப் போல இலகுவில் ஆவியாவதில்லை, எரியாத பகுதி சிலிண்டர் வழியே வழிந்து ஒயிலை நீர்க்கச் செய்யும், கரி படியும், அக்சிலேற்றரை அமுக்கினால் எஞ்சின் உள்ளே சுத்தியலால் அடிப்பதுபோல் ஒலிக்கும். அக்காலத்தில் மாற்றுப் பாகம் வாங்குதல் எளிதன்று. ஆகவே எது உண்மையிற் பழுது, எது பழுதுபோலத் தோன்றுவது என்பதைக் கழற்றுமுன்னரே பிரித்தறிய வேண்டியிருந்தது. காதும் மூக்கும் விரல் நுனியுமே கருவிகள். அந்தப் பழக்கம் அவரை விட்டுப் போகவில்லை.

"என்ன செய்யுது?" என்று கேட்டார். "இழுக்குதில்லை, அண்ணை" என்றார் கமக்காரர்.

இந்த 'இழுக்குதில்லை' என்ற ஒரு சொல்லுக்குள்ளேதான் எத்தனையோ கராஜ்க் கணக்குகள் ஒளிந்து கிடக்கின்றன. எஞ்சின் வலுவைப் பிறப்பிக்கின்றது. கிளச் அதனைக் கவ்விக் கியர்ப்பெட்டிக்குக் கொடுக்கின்றது. கியர்ப்பெட்டியிலிருந்து நீண்ட தண்டொன்று பின் அச்சுக்குக் கொண்டு செல்கின்றது. அச்சிலிருந்து சில்லுகளுக்குப் போகின்றது. வலு பிறக்காவிடினும் வண்டி இழுக்காது; பிறந்த வலு வழியில் நழுவினும் இழுக்காது; சில்லைப் பிரேக் பிடித்துக்கொண்டிருப்பினும் இழுக்காது. மூன்றும் ஓட்டுநரின் காலுக்கு ஒன்றுபோலவே தோன்றும்.

ஆகவே மெக்கானிக் வேறு கேள்விகளைக் கேட்டார். குளிர்ந்திருக்கும்போதா, சூடேறிய பின்பா? பாரத்தோடா, வெறுமையாகவா? எந்தக் கியரில்? கமக்காரருக்கு உடனே விடை வரவில்லை. நாள்தோறும் ஓட்டுகின்ற வண்டியை அவர் கவனித்ததில்லை. "சரி தம்பி, குலையை ஏத்திக்கொண்டு வாரும். ஒருக்கா ஓடிப் பாப்பம்" என்றார் மற்றவர்.

பாரத்தோடு வண்டி புறப்பட்டது. நான்காம் கியருக்கு மாற்றி, மெதுவாகச் செல்லும் நிலையில் அக்சிலேற்றரை முழுவதும் அமுக்கச் சொன்னார். எஞ்சினின் இரைச்சல் உயர்ந்தது. வேகமானியின் முள் உயரவில்லை. சிறிது நேரத்தில் கருகிய நாற்றம் வந்தது. இங்கேயே முதற் பெரும் பிரிவு நிகழ்ந்துவிட்டது. இரைச்சலும் வேகமும் சேர்ந்து உயராதிருந்தால் எஞ்சின் மந்தம். இரைச்சல் மட்டும் உயர்ந்தால் வலு வழியில் நழுவுகின்றது.

நழுவுவது எங்கே? கையால் மாற்றும் கியர்ப்பெட்டி வழுக்குவதில்லை. அதனுள் இருப்பவை ஒன்றையொன்று கவ்விய பற்சக்கரங்கள். பல் உடையலாம், கியர் தானாகக் கழன்று நடுநிலைக்கு வந்துவிடலாம், ஓலமிடலாம். பிடித்தும் பிடியாமலும் வழுக்குவது கிளச் ஒன்றே. வழுக்கலைக் கேட்டுவிட்டுக் கியர்ப்பெட்டியைக் குற்றஞ் சாட்டிய அந்த முதற் கராஜ்காரர், மாட்டுக்குச் சுகமில்லையென்று வண்டிற் சில்லை மாற்றச் சொன்னவரை ஒத்தவர்.

வண்டியை நிறுத்தி, கைப்பிரேக்கை இறுகப் போட்டு, நான்காம் கியரில் வைத்து, சிறிது வலுக் கொடுத்துக் கிளச்சிலிருந்து காலை மெல்ல எடுத்தால் எஞ்சின் திணறி நின்றுவிட வேண்டும். நில்லாமல் ஓடிக்கொண்டேயிருந்தால் கிளச் வழுக்குகின்றது. இதனை ஒரு முறை செய்தாற் போதும். மீண்டும் மீண்டும் செய்து பார்ப்பவர் இருக்கின்ற தகட்டையும் எரித்துவிடுவார். நீர்வேலி வண்டி நில்லாமல் ஓடிற்று.

உடனே தகட்டைக் கழற்ற வேண்டுமா? இல்லை. கிளச் மிதியைக் கையால் அமுக்கிப் பார்க்க வேண்டும். தொடக்கத்தில் சிறிது தூரம் அது எதிர்ப்பின்றிச் செல்ல வேண்டும். அந்த இடைவெளி அற்றுப்போயின், கால் வைக்காத நேரத்திலும் கிளச் பாதி அமுக்கப்பட்டே இருக்கும். மொறிஸ் மைனரில் இது வண்டியின் கீழே உள்ள கம்பியின் நட்டைத் திருப்பிச் சரிசெய்யக் கூடியது. கால் மணி நேர வேலை. எத்தனையோ வண்டிகள் இந்தக் கால் மணி நேர வேலைக்காகக் கழற்றி வைக்கப்பட்டதுண்டு. இங்கே இடைவெளி இல்லை. சரிசெய்தார், வழுக்கல் குறைந்தது, நிற்கவில்லை.

பின்னர் அவர் வண்டியின் கீழே படுத்தார். எஞ்சினும் கியர்ப்பெட்டியும் சந்திக்கும் மூடியின் அடியில் ஒரு துளை உண்டு. அது அடைபடாதிருக்கும்பொருட்டு ஒரு பிளவு முளை தளர்வாகத் தொங்கும். வண்டி ஆட ஆட அதுவும் ஆடித் துளையைத் துப்புரவாக வைத்திருக்கும். அதன் நுனியில் ஒயில் துளி நின்றது. கிளச் வழுக்குவதற்குக் காரணம் தெரிந்துவிட்டது; ஆனால் அது எந்த ஒயில்? முன்னால் எஞ்சின்; பின்னால் கியர்ப்பெட்டி. இவ்வண்டியில் இரண்டுக்கும் ஒரே இன ஒயிலே விடப்படுவது முறை. ஆதலின் மணத்தைக் கொண்டு முடிவு செய்ய இயலாது. நிறம் உதவும்: எஞ்சின் ஒயில் கரியினாற் கறுத்திருக்கும். விரல் நுனியில் எடுத்துத் தேய்த்துப் பார்த்தார், கறுப்பு, நீர்த்தது. கியர்ப்பெட்டியைத் திறந்து ஒரு கம்பியை விட்டு எடுத்தபோது வந்ததோ பாகு போன்ற தடித்த எண்ணெய். பின் அச்சுக்கு உரியதை யாரோ முன்னொரு காலத்திற் கியர்ப்பெட்டிக்குள் ஊற்றியிருக்கின்றார்கள். ஆகவே கசிவு எஞ்சினிலிருந்தே வருகின்றது. ஒருவர் செய்த பிழை மற்றொருவருக்குச் சாட்சியாக வந்து உதவிற்று.

இந்த எஞ்சினின் பின்பக்கத்தில் இறப்பர் வளையம் எதுவும் ஒயிலைத் தடுப்பதில்லை. சுழலும் தண்டிற் வெட்டப்பட்ட புரியொன்றே அதனைத் திரும்ப உள்ளே தள்ளுகின்றது. எஞ்சினுக்குள் காற்றழுத்தம் மிகுந்தால் அப்புரியையும் மீறி ஒயில் வெளியேறும். எஞ்சினின் சுவாசக் குழாயைக் கழற்றியபோது அது சேறும் கரியுமாக அடைபட்டிருந்தது. இதனைக் காணாது புதுத் தகடு போட்டிருந்தால் ஆறு மாதத்தில் அதுவும் நனைந்திருக்கும்.

கியர்ப்பெட்டி மீது வேறு குற்றச்சாட்டும் இருந்தது: கியர் விழும்போது பல் அரைகின்றது. எந்தக் கியரில் என்று கேட்டால், முதலாவதிலும் இரண்டாவதிலும். முதலாம் கியரில் வேகத்தை ஒத்திசையச் செய்யும் அமைப்பு இவ்வண்டிக்கு வைக்கப்படவேயில்லை. ஓடும்போது அதற்கு மாற்றினால் அரையத்தான் செய்யும். அது நோயன்று, பிறவிக் குணம். இரண்டாவது கியர் அரைவதற்கு வளையத் தேய்மானம் ஒரு காரணம். தடித்த எண்ணெய் மற்றொன்று. வளையம் எண்ணெயை வெட்டிக்கொண்டு பற்ற வேண்டும். பாகுபோலிருந்தால், அதுவும் காலைக் குளிரில், உடனே பற்றாது. கிளச் முழுவதும் விடுபடாவிட்டாலும் அரையும். அதனை அறிய, நின்ற நிலையில் மிதியை அமுக்கிச் சில விநாடி பொறுத்துப் பின்னோட்டக் கியரைப் போட்டுப் பார்க்க வேண்டும். பொறுத்த பின்னும் அரைந்தால் கிளச் விடவில்லை. நீர்வேலி வண்டியில் அது ஓசையின்றி விழுந்தது.

சத்தங்களுக்கும் இலக்கணம் உண்டு. நடுநிலையில் நிற்கும்போது உறுமல் கேட்டு, கிளச்சை அமுக்கியதும் நின்றால், கியர்ப்பெட்டியின் முன் பெயரிங் தேய்ந்தது. மறுதலையாக, அமுக்கும்போது மட்டும் சத்தம் எழுந்தால் கிளச்சைத் தள்ளும் வளையம் தேய்ந்தது. முதல் மூன்று கியர்களிலும் இரைந்து நான்காவதில் அடங்கினால் கீழ்த்தண்டு. ஏனெனில் நான்காவதில் வலு நேரே செல்கின்றது, கீழ்த்தண்டின் வழியாகச் சுற்றுவதில்லை. எஞ்சினை விலக்கி நடுநிலையில் உருளவிட்ட பின்னும் இரைச்சல் தொடர்ந்தால் அச்சிலோ சில்லிலோ தேட வேண்டும். புறப்படும்போது 'டொக்' என்ற ஓசை எழுந்தால் நீள் தண்டின் மூட்டுக்களைக் கையாற் பிடித்து ஆட்டிப் பார்த்தல் நன்று. இவற்றுள் எதுவும் இவ்வண்டியில் இல்லை. போய்விட்டதாகக் கூறப்பட்ட கியர்ப்பெட்டியின் முழுக் குற்றமும் பழைய எண்ணெயும், சற்றே தேய்ந்த ஒரு வளையமுமே.

ஆயினும் வேலை முடிந்தபாடில்லை. குலைகளை இறக்கிய பின் மெதுவாக ஓட்டிப் பார்த்தபோது, கிளச் வழுக்காத வேளையிலும் வண்டியில் உயிர் இல்லை. இரைச்சலும் வேகமும் சேர்ந்தே மந்தமாக உயர்ந்தன. இரண்டு நோய்கள் ஒரே முறைப்பாட்டுக்குள் மறைந்திருந்தன. ஒன்றைக் கண்டதும் மகிழ்ந்து நின்றுவிடுகின்றவர் மற்றதைத் தவறவிடுவார்.

இங்கும் மலிவானவற்றிலிருந்தே தொடங்கினார். கமக்காரரை ஆசனத்தில் இருத்தி அக்சிலேற்றரை அடிவரை அமுக்கச் சொல்லிவிட்டுக் காபரேற்றரைப் பார்த்தார். வாயில் முழுவதும் திறக்கவில்லை. இழுக்கும் கம்பி தளர்ந்து போயிருந்தது. கீழே விரித்த சாக்கும் மிதியைத் தடுத்துக்கொண்டிருந்தது. பின்னர் வண்டியைச் சமதரையில் தனியொருவராகத் தள்ளினார், உருண்டது. ஓடி வந்தவுடன் நான்கு பிரேக் டிறம்களின் அருகிலும் புறங்கையைக் கொண்டு சென்றார். ஒன்றேனும் மற்றவற்றிலும் மிகச் சுடவில்லை. பிரேக் விடுதலையாயிற்று.

இவ்வண்டியின் எஸ்.யு. காபரேற்றரில், மேலுள்ள பித்தளை மூடியைத் திருகி எடுத்தால் ஒரு சிறு தண்டு வரும். அது சிறிதளவு ஒயிலில் அமிழ்ந்திருக்க வேண்டும். ஒயில் வற்றினால், அக்சிலேற்றரைச் சடுதியாக அமுக்கும்போது உள்ளிருக்கும் பிஸ்ரன் தடையின்றி மேலே பாயும்; காற்று மிகுந்து பெற்றோல் குறையும்; எஞ்சின் ஒரு கணம் தடுமாறும். அது வற்றித்தான் கிடந்தது. ஏற்றத்தில் நெடுநேரம் அமுக்கும்போது மட்டும் மூச்சு வாங்கினால், பெற்றோல் போதியளவு வருவதில்லை என்பது பொருள். தாங்கித் துருவும் பம்பியின் வடியும் சோதிக்கப்பட வேண்டும். மின்சாரப் பம்பி நிறுத்தாமல் 'டிக் டிக்' என்று அடித்துக்கொண்டேயிருந்தால், ஒன்றில் தாங்கி வெறுமை, அன்றேல் குழாயில் காற்றுப் புகுகின்றது.

பற்றவைப்பில், பொயின்றுகளின் இடைவெளி 0.015 அங்குலம். டிஸ்ரிபியூற்றரிலிருந்து காபரேற்றருக்குச் செல்லும் மெல்லிய குழாயின் நுனியை வாயால் உறிஞ்சிப் பிடித்தால் நாக்கில் ஒட்டி நிற்க வேண்டும். காற்று வந்துகொண்டேயிருந்தால் உள்ளேயுள்ள சவ்வு கிழிந்துவிட்டது. அதனால் எஞ்சின் சோம்புவதோடு பெற்றோலும் வீணாகும். 2022 இல் வாரப் பங்கீட்டுக்கு வரிசையில் நின்றவர்களுக்கு அந்த வீண்செலவின் எடை தெரியும்.

கடைசிச் சோதனைதான் மெய்யான நோயைக் காட்டிற்று. மொறிஸ் மைனருக்கு முன்புறத்தில் கைச்சுழற்றி போடும் வசதி உண்டு. சாவியை மூடிவிட்டு அதனாற் சுழற்றும்போது இரண்டு முழுச் சுற்றுக்குள் நான்கு முறை கைக்கு எதிர்ப்புத் தோன்ற வேண்டும். மூன்று முறை தோன்றிற்று. ஒரு முறை கை வெறுமனே போயிற்று. அந்தச் சிலிண்டரின் பிளக்கைக் கழற்றி ஒரு கரண்டி ஒயில் விட்டுச் சுழற்றினார். எதிர்ப்புக் கூடியிருந்தால் பிஸ்ரன் வளையம், கூடவில்லை, ஆகவே வால்வு. டப்பெற் இடைவெளி 0.012 அங்குலம் இருக்க வேண்டும். அந்த வால்வில் மெல்லிய கடதாசியும் நுழையவில்லை.

இதற்குப் பின்னணி உண்டு. முன்னாளிற் பெற்றோலிற் கலந்திருந்த ஈயம், வார்ப்பிரும்பிலேயே வெட்டப்பட்ட வால்வு இருக்கைகளின் மேற் படிந்து அவற்றைக் காத்து நின்றது. நச்சு என்பதனால் 2002 இல் இலங்கையில் அது கைவிடப்பட்டது. பிள்ளைகளின் மூளைக்கும் குருதிக்கும் நன்மையே. பழைய எஞ்சின்களிலோ, பாரத்தோடு வேகமாக ஓடும்போது வெளியேற்று வால்வு தன் இருக்கையை மெல்ல மெல்ல அரித்து உள்ளே இறங்கும். இறங்க இறங்க இடைவெளி அற்றுப்போகும், வால்வு முழுவதும் மூடாது, வலு கசியும், பின்னர் எரியும். ஏமாற்றுவது யாதெனின், அந்நாட்களில் எஞ்சினின் தட்டும் ஓசை குறைந்து இனிமையாகக் கேட்கும். "போன வருசம் தொடக்கம் சத்தம் நல்லாக் குறைஞ்சு போச்சு, அண்ணை" என்று கமக்காரர் பெருமையோடு கூறியிருந்தார். மெக்கானிக் அப்பொழுதே தலையை அசைத்தாராம்.

"எவ்வளவு ஏத்துறனீர்?" என்று அவர் இறுதியாகக் கேட்டார். சற்றுத் தயங்கி, "பத்து அந்தர் வரும்" என்றார் கமக்காரர். தகடும் வால்வும் ஏன் சேர்ந்தே தேய்ந்தன என்பதற்கு வேறு விளக்கம் வேண்டியதில்லை. சமதரையான யாழ்ப்பாண வீதியில் இவ்வளவு நாள் தாக்குப்பிடித்தது. மலைநாட்டு ஏற்றத்திலாயின் ஒரு பிரயாணத்திலேயே காட்டிக் கொடுத்திருக்கும்.

கிளச் தகட்டை மாற்ற எஞ்சினை எப்படியும் இறக்க வேண்டும். இறக்கிய போதே தலைப்பாகத்தைக் கடைச்சல் பட்டறைக்கு அனுப்பி, ஈயமில்லாப் பெற்றோலைத் தாங்கும் கடின உருக்கு இருக்கைகளைப் பதிப்பித்து, புது வெளியேற்று வால்வுகளும் போட்டார்கள். கியர்ப்பெட்டி திறக்கப்படவேயில்லை, எண்ணெய் மட்டும் வடித்து மாற்றப்பட்டது. செலவு இல்லாமலில்லை. அடுத்த போகக் கன்றுக்கென்று வைத்திருந்த பணம் போயிற்று. காப்புக் கையிலேயே இருந்தது. கொடியேற்றத்துக்கு வண்டி ஆயத்தமாகவில்லை; முதல் ஒன்பது நாட்களும் அயலவரின் லான்ட்மாஸ்டரில் கூலிக்குக் குலை போயிற்று. பத்தாம் நாள் பிக்கப் வீதிக்கு வந்தது.

இப்பொழுது அது ஆறு அந்தரோடு, தேவையானால் இரண்டு நடை போகின்றது. காலைக் குளிரில் இரண்டாம் கியர் இன்னும் சற்று அரையும். கமக்காரர் நடுநிலையில் ஒரு கணம் நிறுத்திப் போடுகின்றார். ஞாயிறு தோறும் அந்தப் பிளவு முளையின் கீழ் ஒரு கடதாசி மட்டையை வைத்துவிட்டுப் போய், மாலையில் வந்து, துளி விழுந்திருக்கின்றதா, விழுந்திருந்தால் என்ன நிறம் என்று பார்க்கின்றார்.